கடலுக்குப் போகாமல் அலையை எண்ணுவது எப்படி

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. வாசலில் நின்றால் கடல் தெரியாது, ஆனால் ராத்திரி முழுக்கக் கேட்கும். அப்பா நாற்பது வருடம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் பார்த்தவர். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

2024 மே மாதத் தொடக்கத்தில் இந்தக் கரையில் காற்றே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனால் திரை மட்டும் பெரிதாக, நிறுத்தி நிறுத்தி வந்துகொண்டிருந்தது. அப்பா மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “காத்தே இல்ல மக்ளே, இந்தத் திரை எங்கேருந்து வருது?” என்று கேட்டார். கடலின் நிலையைக் கணித்துச் சொல்லும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென ஏறிவரும் பெரிய அலைக்கான எச்சரிக்கை கொடுத்திருந்தது. மே 6-ம் தேதி காலையில் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அமைதியான வானத்தின் கீழ் நடந்தது அது. அந்த வாரத்துக்குப் பிறகு அப்பாவின் கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

பதிலைத் தேடிப் போன இடம் கடல் அல்ல. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் இருக்கும் ஒரு நில அதிர்வுமானி. நிலநடுக்கத்தைப் பதிவு செய்ய வைத்த கருவி, நிலநடுக்கம் இல்லாத நேரத்திலும் சும்மா இருப்பதில்லை. ஒரு நாள்கூட நிற்காமல் மிக லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி கடலலை தரையைத் தட்டுவதால் வருவது. இதை நுண்ணதிர்வு என்கிறோம். இதைப் படிப்பதற்கு ஒரு கணினியும், இணையமும், கொஞ்சம் பொறுமையும் போதும். கருவி வாங்க வேண்டாம். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கரையில் எண்ணிப் பழகுங்கள்

கடல் பக்கத்தில் இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். திரை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் வெளியே ஒரு மிதவையோ பாறையோ பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு முகடு அதைத் தாண்டும்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள். அந்த முகட்டை ‘பூஜ்யம்’ என்று எண்ணுங்கள், ‘ஒன்று’ என்று அல்ல. பத்தாவது முகடு தாண்டும்போது நிறுத்தி, பத்தால் வகுத்தால் அலைவு நேரம். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்து முதல் ஏழு விநாடிக்கு ஒன்று வரும், முகம் சுளித்த மாதிரி ஒழுங்கில்லாமல். தூரத்துப் புயலில் பிறந்து வரும் நெடு அலை பதினான்கு, பதினாறு, சில நாள் பதினெட்டு விநாடி எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை உடம்பால் உணர்ந்துவிட்டால் பிறகு கணினியில் தெரியும் கோடுகள் வெறும் கோடாக இருக்காது.

ஒரு கணக்கு. ஆழ்கடலில் அலையின் நீளம், அலைவு நேரத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி அலைக்கு 56 மீட்டர். 18 விநாடி அலைக்கு 505 மீட்டர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழத்துக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட செத்துவிடும். அதாவது 6 விநாடி அலைக்கு 28 மீட்டர் ஆழத்திலேயே தரை இருப்பது தெரியாது. 18 விநாடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட ஆரம்பித்துவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு முழுவதுமே அதற்கு ஆழமற்ற நீர்தான்.

கடல் தரையோடு பேசும் இரண்டு குரல்கள்

நெடு அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முகடும் கடலடித் தரையை அழுத்துகிறது, ஒவ்வொரு பள்ளமும் விடுகிறது. சரிவான, மேடுபள்ளமான தரையில் இந்த அழுத்தமும் விடுப்பும் ஒன்றையொன்று முழுதாக ஈடுகட்டிக்கொள்வதில்லை. மிச்சம் நிலத்துக்குள் அதிர்வாகப் போகிறது. இதன் அலைவு நேரம் கடலலையின் அலைவு நேரமேதான். இதுதான் முதல் குரல், முதன்மை நுண்ணதிர்வு. 10 முதல் 20 விநாடிக்குள் இருக்கும், சத்தம் குறைவு.

இரண்டாவது குரல்தான் சத்தமானது. அதோடு, முதலில் கேட்கும்போது நம்ப முடியாதது. கடலலையின் அலைவு நேரத்தில் சரியாகப் பாதியில் இருக்கும். 16 விநாடி அலை 8 விநாடி அதிர்வைத் தரும்.

இதை என் மாணவர்களுக்குத் தொட்டிலை வைத்துச் சொல்கிறேன். உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டிக் குழந்தையை ஆட்டுகிறீர்கள். தொட்டில் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள், கீழ்ப்புள்ளியை இரண்டு முறை கடக்கிறது. கடக்கும் ஒவ்வொரு முறையும் உத்திரம் கூடுதல் பாரம் வாங்குகிறது. தொட்டில் ஒரு தடவை ஆடினால் உத்திரம் இரண்டு தடவை ‘கிறீச்’ என்கிறது. கடலில் தொட்டிலின் வேலையைச் செய்வது நிலை அலை. ஒரே அலைவு நேரமுள்ள இரண்டு அலைக்கூட்டம் எதிரெதிராக வந்து மோதும்போது நீர் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். முகடு பள்ளமாகி மறுபடி முகடாவதற்குள் நீர்மட்டம் இரண்டு முறை சமமாகிறது. சமமாகும்போது மொத்த நீரின் நிறை மையம் கீழே இருக்கும். முகடும் பள்ளமுமாக நிற்கும்போது மேலே இருக்கும். நிறை மையம் மேலும் கீழும் போக வேண்டுமென்றால் கீழே இருக்கும் தரைதான் தாங்கும் விசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு அலைவில் இரண்டு முறை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த அழுத்தம் ஆழத்தோடு குறைவதில்லை என்பது. சாதாரண அலையின் அழுத்தம் பாதி அலைநீளத்துக்குள் அடங்கிவிடும் என்று மேலே சொன்னேன். நிலை அலையின் இந்த இரட்டை அழுத்தம் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள தரைக்கும் போய்ச் சேரும். 1944-இல் மிஷ் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கணக்கில் கண்டார். 1950-இல் பிரிட்டனின் லாங்கெட்-ஹிக்கின்ஸ் நுண்ணதிர்வுக்குக் காரணமே இதுதான் என்று கோட்பாட்டை முழுமையாக எழுதினார்.

நேரில் பார்க்க வேண்டுமா? எங்கள் கரை ஊர்களில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு இருக்கிறதே, அதன் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். வருகிற திரையும் கல்லில் பட்டுத் திரும்புகிற திரையும் மோதும் இடத்தில் நீர் முன்னே போகாமல் கூம்பு கூம்பாகக் குதிக்கும். வள்ளக்காரர்கள் அந்த இடத்துக்குப் பயப்படுவார்கள். அதே இடம்தான் நிலத்தை இரட்டைத் தாளத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது. கரையில் திரும்பும் அலை ஒரு காரணம். வேகமாக நகரும் புயல் தன் முந்தைய அலைகள் மேலேயே புது அலைகளை எதிர்த்திசையில் ஏவுவது இன்னொன்று. இரண்டு புயல்களின் அலை நடுக்கடலில் சந்திப்பது மூன்றாவது.

இந்த நடுக்கத்தை மனிதர் கவனிக்கத் தொடங்கியது கருவிகள் தேறுவதற்கு முன்பே. 1870-களில் பெர்டெல்லி என்ற பாதிரியார் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஊசலைத் தொங்கவிட்டு நுண்ணோக்கி வழியாக வருடக்கணக்கில் பார்த்தார். காற்றழுத்தம் குறையும் நாட்களில் ஊசல் அதிகம் நடுங்குகிறது என்று எழுதி வைத்தார். நாள் தவறாமல் குனிந்து ஒரு ஊசலைப் பார்த்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பதிவை எடுப்பது

உலக நில அதிர்வு வலைப்பின்னலில் நிலையங்களின் பதிவு யாரும் இலவசமாக எடுக்கும்படி திறந்து கிடக்கிறது. முன்பு ஐரிஸ் என்றும் இப்போது எர்த்ஸ்கோப் என்றும் அழைக்கப்படும் அமெரிக்கக் கூட்டமைப்பின் தரவு மையத்தில் கிடைக்கும். பைத்தான் மொழியில் ஆப்ஸ்பை என்ற நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் எஃப்.டி.எஸ்.என். கிளையன்ட் என்று, தரவு மையத்திடம் பதிவைக் கேட்டு வாங்கும் ஒரு பகுதி உண்டு. அதனிடம் நான்கு குறிகளும், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதும் சொன்னால் பதிவு வந்துவிடும்.

குறிகளின் எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டியவை. வலைப்பின்னல் குறி, ஐ என்ற எழுத்து இரண்டு முறை. நிலையக் குறி பி, ஏ, எல், கே, இதுதான் பல்லேகலை. இடக்குறி இரண்டு பூஜ்யம். கடைசியாகத் தடம்: எல், எச், இசட். தடக்குறியில் முதல் எழுத்து விநாடிக்கு ஒரு அளவீடு என்பதைச் சொல்கிறது, கடைசி எழுத்து மேலும் கீழுமான அசைவு என்பதை. நமக்கு இது போதும். விநாடிக்கு இருபது, நாற்பது அளவீடு உள்ள தடங்களும் உண்டு. அவற்றை இறக்கினால் கணினி திணறுவதைத் தவிர பலன் இல்லை, ஏனென்றால் நாம் தேடும் அதிர்வு எல்லாம் 3 விநாடிக்கு மேல்தான். ஒரு நாளுக்கு 86,400 எண்கள். இரண்டு வாரம் எடுத்தாலும் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம்தான், பழைய மடிக்கணினியே சமாளிக்கும்.

வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு அசைவைத் தரும் தடங்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள். வெயில், காற்று, காற்றழுத்தம் எல்லாம் நிலத்தை லேசாகச் சாய்க்கும். அந்தச் சாய்வு கிடைமட்டத் தடத்தில் நீண்ட அலைவாகக் கலந்து நெடு அலை மாதிரியே ஏமாற்றும்.

ஏன் பல்லேகலை? தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் தெற்கே அண்டார்டிகா வரை தடுப்பே இல்லாத ஒரே கடல். தெற்கிலிருந்து எங்கள் கரைக்கு வரும் நெடு அலை இலங்கையின் தென்மேற்குக் கரையையும் அதே நாட்களில் அடிக்கும். நிலையம் மலைநாட்டில் இருப்பதால் உடையும் திரையின் உள்ளூர்ச் சத்தம் குறைவு. வீட்டிலேயே ராஸ்ப்பெரி ஷேக் போன்ற சிறு கருவி வைத்திருப்பவர்கள் அதிலும் இரண்டாவது குரலை ஓரளவு பார்க்கலாம். அதன் உணர்திறன் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துகொண்டே போவதால் முதல் குரலை எதிர்பார்க்காதீர்கள். (1-ஐ அலைவு நேரத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸில் அதிர்வெண் கிடைக்கும். 20 விநாடி என்றால் 0.05 ஹெர்ட்ஸ்.)

சுத்தம் செய்வது

வந்த பதிவில் இருப்பவை நிலத்தின் அசைவு அல்ல, கருவி கொடுத்த எண்ணிக்கை. அதைக் கருவியின் குணத்தைக் கழித்து அசைவாக மாற்ற வேண்டும். நிலையத்தின் விவரக் கோப்பையும் சேர்த்து இறக்கிக்கொண்டு ஆப்ஸ்பையின் ‘ரிமூவ் ரெஸ்பான்ஸ்’ கட்டளையை ஓட்டுங்கள். அப்போது முன்வடிகட்டிக்கு நான்கு எண் கேட்கும். 0.005, 0.01, 0.4, 0.45 ஹெர்ட்ஸ் கொடுப்பேன். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் மிக மெதுவான சறுக்கல்கள் மலை மாதிரி வீங்கி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பிறகு ஸ்பெக்ட்ரோகிராம் வரைய வேண்டும். கிடை அச்சில் நாட்கள், செங்குத்து அச்சில் அதிர்வெண், நிறத்தில் வலிமை. பதிவைச் சாளரம் எனப்படும் துண்டுகளாக வெட்டிக் கணக்கிட வேண்டும்: ஒரு சாளரத்துக்கு 2,048 விநாடி, அடுத்தடுத்த சாளரங்கள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று. வலிமையை டெசிபெலில் போடுங்கள். சாதாரண அளவில் போட்டால் ஒரே ஒரு நிலநடுக்கம் மட்டும் பளிச்சென்று தெரியும், கடல் முழுக்க இருண்டு போகும். அச்சை 0.04 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை மட்டும் காட்டுங்கள்.

நிலநடுக்கத்தை என்ன செய்வது? இந்தோனேசியாவிலோ பசிபிக்கிலோ பெரிய நடுக்கம் வந்தால் அதன் மேற்பரப்பு அலைகள் 15-30 விநாடியில் வந்து நம் முதல் குரலை மூழ்கடிக்கும். படத்தில் அது மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துப் பட்டையாக நிற்கும், சில மணி நேரத்தில் போய்விடும். கடல் அப்படி இல்லை, நாட்கணக்கில் இருக்கும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு என்று எடுக்கிறேன், சராசரி அல்ல, இடைநிலை. வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்தால் நடுவில் வந்துபோன நடுக்கம் தானே விலகிவிடும்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. எல்லாப் பதிவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை 12:30-க்கும் 2:30-க்கும் நடுவில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பதிவில் அது நவம்பர் 15 மாலை 7 மணி முதல் 9 மணி. நான் முதன்முறை பார்த்தபோது இதைக் கவனிக்காமல், புயல் கரை தொடும் முன்பே நிலம் அடங்கத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டி அதற்கு ஒரு காரணமும் யோசித்து வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தப்பு தெரிந்தது. இப்போது படத்தின் அச்சிலேயே இரண்டு நேரத்தையும் எழுதிவிடுகிறேன்.

சாய்ந்த கோடு

இனிதான் அப்பாவின் கேள்வி.

தெற்கே நாற்பது, ஐம்பது பாகை அகலாங்கில் ஒரு பெரிய புயல் அடிக்கிறது. அங்கே எல்லா அலைவு நேரமும் உள்ள அலைகள் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. ஆனால் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லை. அலைக்கூட்டத்தின் வேகம், அலைவு நேரத்தை 0.78-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 20 விநாடி அலை நாளுக்கு 1,350 கிலோமீட்டர் போகும். 14 விநாடி அலை 940 கிலோமீட்டர்தான். நீளமானது முந்தி வரும், குட்டையானது பிந்தி வரும். பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டு பேர் ஓடுகிறார்கள். நூறு மீட்டரில் இருவருக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம், ஆயிரம் மீட்டரில் அதிகம். யார் எவ்வளவு பிந்தினார் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் ஓடிவந்தார்கள் என்று சொல்லிவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிறோமே, அதே கணக்கு.

படத்தில் இது இப்படித் தெரியும்: 0.05 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மங்கலான கோடு தொடங்கும். அடுத்த நாள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. இடமிருந்து வலமாக ஏறும் சாய்ந்த கோடு. அதன் சரிவை அளந்து பாருங்கள். நாளுக்கு எத்தனை மில்லிஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறுகிறதோ அந்த எண்ணால் 67,400-ஐ வகுங்கள். புயல் எத்தனை கிலோமீட்டரில் பிறந்தது என்பது கிடைக்கும்.

ஒரு உதாரணம் போடுகிறேன். முதல் நாள் 0.050, மறுநாள் 0.061, மூன்றாம் நாள் 0.0725. சரிவு நாளுக்கு 11.25 மில்லிஹெர்ட்ஸ். வகுத்தால் 6,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோட்டைப் பின்னோக்கி நீட்டி அதிர்வெண் பூஜ்யத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள், அதுதான் புயல் அலையை எழுப்பிய நேரம். இந்த உதாரணத்தில் 0.050-ஐ 0.01125-ஆல் வகுத்தால் 4.4 நாள், அதாவது முதல் நாளுக்கு நாலரை நாள் முன்பு. இலங்கையிலிருந்து நேர் தெற்கே 6,000 கிலோமீட்டர் என்றால் தென் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கெர்கலென் தீவுகளை நெருங்கிவிடுவோம்.

1948-இல் பார்பர், உர்செல் என்ற இருவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் கடலலையை நேராக அளந்து, அட்லாண்டிக் புயல்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். நிலத்தின் அதிர்விலும் இதே சாய்ந்த கோடு வரும் என்பதைக் காட்டியவர்கள் ஹாப்ரிச், மங்க், ஸ்னாட்கிராஸ் ஆகிய மூவர். கலிபோர்னியாவில் கடலடி அழுத்தத்தையும் கரையில் நில அதிர்வையும் பக்கம் பக்கமாக அளந்து 1963-இல் வெளியிட்டார்கள். நிலத்தின் பதிவில் இரண்டு கோடுகள் இருந்தன: ஒன்று கடலலையின் அதே அதிர்வெண்ணில், மற்றது சரியாக இரண்டு மடங்கில்.

அந்த இரண்டு மடங்கு நமக்கு ஒரு சோதனை. 0.055-இல் ஒரு கோடு தெரிந்தால் 0.11-இல் அதன் ஜோடியைத் தேடுங்கள். இருந்தால் நம்பலாம். பல நாட்களில் முதல் குரல் கண்ணுக்கே தெரியாது, ஜோடி மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்போது ஜோடியின் சரிவை அளந்து, பாதியாக்கி, பிறகு 67,400-ஐ வகுக்க வேண்டும். பாதியாக்க மறந்தால் புயல் பாதித் தூரத்துக்கு வந்துவிடும்.

சாயாமல் நேராக, 0.038 ஹெர்ட்ஸில், அதாவது 26 விநாடியில் ஒரு மெல்லிய கோடு சில நாட்களில் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அச்சைக் கீழே 0.03 வரை விரித்தால்தான் அது அகப்படும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவிலிருந்து வந்து உலகம் முழுக்கக் கேட்கும் ஒரு துடிப்பு அது. ஜாக் ஆலிவர் 1962-இல் இதைப் பற்றி எழுதினார், காரணம் என்ன என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. நம் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, 2024 மே மாதம். இன்காய்ஸ் சொன்னதன்படி ஏப்ரல் கடைசி வாரத்தில் தென் அட்லாண்டிக்கில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகி, கிழக்கே நகர்ந்து, 28-ம் தேதி தென் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. அதன் அலை மே 4 அதிகாலையில் நம் கரையைத் தொடும் என்று எச்சரித்தார்கள். நீங்களே சரிபாருங்கள்: 28-லிருந்து 4 வரை ஆறு நாள். 18 விநாடி அலை நாளுக்கு 1,200 கிலோமீட்டர். ஆறு நாளில் 7,200. அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன்: இந்தத் திரை பிறந்த இடத்தில் இப்போது புயலே இல்லை, அது ஒரு வாரத்துக்கு முந்தைய காற்று. அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு இந்த நாட்களையே எடுங்கள், ஏப்ரல் 25 முதல் மே 9 வரை.

பக்கத்துப் புயலைப் பார்ப்பது

வங்காள விரிகுடாப் புயல் வேறு மாதிரி. அது நெடுந்தூரம் ஓடி அலையைப் பிரித்தெடுக்க இடம் இல்லை, அதனால் சாய்ந்த கோட்டை எதிர்பார்க்கக் கூடாது. புயலின் அலை 8 முதல் 12 விநாடி என்றால் நிலத்தில் 4 முதல் 6 விநாடியில் இரட்டைக் குரல் எழும். கஜாவுக்கு நவம்பர் 8 முதல் 19 வரை எடுத்து, 3-8 விநாடிப் பட்டையை மட்டும் வடிகட்டி, மணிக்கொரு முறை வீச்சைப் போட்டுப் பாருங்கள். நாள்கணக்கில் மெல்ல ஏறி, கரை கடந்த பிறகு இறங்கும் ஒரு மேடு. கஜா கரை கடந்த இடத்துக்கும் பல்லேகலைக்கும் சுமார் 350 கிலோமீட்டர். நில அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் போவதால் இரண்டே நிமிடத்தில் செய்தி வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேட்டின் உயரத்தை வைத்துப் புயலின் கண் எங்கே, எவ்வளவு பலம் என்று சொல்ல முடியாது. அதிர்வு பிறக்கும் இடம் கண்ணே அல்ல, எதிரெதிர் அலை மோதும் இடம். அது கரையோரமாக இருக்கலாம், புயல் கடந்து வந்த பாதையில் பின்னால் இருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை கரீபியன் பகுதியில் மும்மூன்று கருவிகளை முக்கோணமாக வைத்து நுண்ணதிர்வின் திசையிலிருந்து சூறாவளியைத் தேடிப் பார்த்தது. புயல் இருக்கும் திசை சில சமயம் கிடைத்தது, சில சமயம் கிடைக்கவில்லை. விமானமும் பிறகு செயற்கைக்கோளும் வந்ததும் அந்த வழியைக் கைவிட்டார்கள்.

அதனால் இந்தப் படத்தைப் பார்த்து யாரும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. அதற்கு இன்காய்ஸும் வானிலை ஆய்வு மையமும் தரும் எச்சரிக்கைகள் இருக்கின்றன. என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் வள்ளம் இருக்கிறது, அவர்களிடம் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எச்சரிக்கை வரும்போது அது ஏன் வருகிறது என்று தெரிந்த பிள்ளை, காற்றில்லாத நாளிலும் கரையிலிருந்து விலகி நிற்கும். இதைச் சொல்லிக்கொடுக்க நான் நேரம் ஒதுக்குவது அதற்காகத்தான்.

எண்ணைப் படிக்கும்போது

நிலத்தின் அசைவு எவ்வளவு என்று கேட்பார்கள். அமைதியான நாளில் ஒரு மைக்ரான் அளவு, தலைமுடியின் பருமனில் எழுபதில் ஒரு பங்கு. பெரிய கடல் நாட்களில் சில மைக்ரான். உலக நிலையங்களின் பதிவை எல்லாம் சேர்த்து 1993-இல் பீட்டர்சன் இரண்டு வளைவுகளை வரைந்து வைத்தார், மிக அமைதியான நிலம் எப்படி இருக்கும், மிக இரைச்சலான நிலம் எப்படி இருக்கும் என்று. இரண்டு வளைவிலும் 5 விநாடிக்குப் பக்கத்தில் ஒரு திமில் உண்டு. பாலைவனம் என்றாலும் பனிமலை என்றாலும் அந்தத் திமில் போகாது. ஆப்ஸ்பையில் உங்கள் பதிவை இந்த இரண்டு வளைவுகளோடு சேர்த்து வரையும் வசதி இருக்கிறது, முதல் நாளே செய்து பாருங்கள். நீங்கள் போட்ட கணக்கில் பெரிய தப்பு இருந்தால் உங்கள் கோடு இரண்டு வளைவுக்கும் வெளியே போய் நிற்கும்.

1 ஹெர்ட்ஸுக்கு மேலே தெரிவது லாரி, பம்பு செட், மனித நடமாட்டம். நாம் எடுத்த தடத்தில் அது வராது.

ஒரே வாரத்தைப் பார்த்துவிட்டு ‘இரைச்சல் அதிகம்’ என்று சொல்லாதீர்கள், எதைவிட அதிகம்? ஒரு வருடத்துக்கான பதிவை எடுத்து மாதவாரியாக இடைநிலை மதிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தென் கோளத்தில் குளிர்காலமாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரை தெற்குப் புயல்கள் வலுக்கும், கூடவே தென்மேற்குப் பருவக்காற்றும் சேரும். ஆனி, ஆடிக் கடலைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதங்களின் சாதாரண நிலையே மார்கழியின் பெரிய நாளைவிட உயரமாக இருக்கலாம்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, கரையில் எண்ணிய அலைவு நேரம், பல்லேகலையில் கண்ட முதல் கோடு, ஜோடிக் கோடு, கணக்கிட்ட தூரம், இன்காய்ஸ் அன்று சொன்னது. கரையில் 17 விநாடி எண்ணிய ஒரு நாளில் கணினியில் 0.059-ம் 0.118-ம் பார்த்தபோது பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்தேன். நோட்டின் கடைசிக் கட்டத்தை நான் எழுதுவதில்லை. அன்று எத்தனை வள்ளம் இறங்கியது என்பதை அப்பா சாயங்காலம் கேட்டு வந்து அவர் கையால் எழுதுவார்.